கோமாளி கற்ற கல்வி



சர்க்கஸைப் பற்றிப் பேச வேண்டும் என்றவுடன் என் நினைவு மதுரைத் தமுக்கம் மைதானத்துக்கு ஓடுகிறது. 1970களின் நடுவில், நான் பத்து வயதுச் சிறுவனாக இருந்த காலம் அது. மைதானத்தில் கூடாரம் எழுந்துவிட்டது என்றால் எங்கள் வகுப்பில் எவருக்கும் பாடம் ஏறாது. இரவானதும் கூடாரத்தின் உச்சியிலிருந்து சுழல்விளக்கின் ஒளி வானத்தைத் துழாவும். அந்த ஒளி எங்கள் தெருவுக்கு மேலாக வந்து போவதை மாடியில் நின்று பார்ப்பதே எங்களுக்குப் பாதி சர்க்கஸ் பார்த்ததற்கு ஒப்பாகும்.

ஒருநாள் மாலை என் தந்தையார் என்னைக் காட்சிக்கு அழைத்துச் சென்றார். யானை வந்தது, சிங்கம் வந்தது, குதிரைகள் வட்டமிட்டு ஓடின. அவற்றில் பெரும்பாலானவை இன்று என் நினைவில் மங்கிவிட்டன. மங்காமல் நிற்பவர் ஒரு கோமாளி. முகமெல்லாம் வெண்மை பூசி, மூக்கில் சிவப்பு உருண்டை ஒன்றை மாட்டிக்கொண்டு அவர் சைக்கிளில் ஏறினார். கைப்பிடி கழன்று கையோடு வந்தது. இருக்கையில் அமர்ந்தார், சக்கரம் தனியே உருண்டு ஓடியது. அதைத் துரத்திப் போய் ஏணியில் மோதி, ஏணியோடு சரிந்து விழுந்தார். கூடாரமே அதிரும்படி நாங்கள் சிரித்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. யானை குளிப்பதைப் பார்க்கலாம் என்று நானும் என் நண்பன் ஒருவனும் காலையிலேயே கூடாரத்தின் பின்புறம் சென்றோம். துணியின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தேன். முந்தைய நாள் கண்ட கோமாளிதான் நின்றுகொண்டிருந்தார். ஆனால் பூச்சு இல்லை, சிரிப்பும் இல்லை. முண்டா பனியன் அணிந்த, நரை தோன்றிய, கண்டிப்பான ஓர் ஆசிரியர் அவர். அவர் முன்னே, என் வயதே இருக்கும், ஒரு சிறுவன் முக்காலியின்மேல் ஏறி நின்று பின்னோக்கி விழுந்துகொண்டிருந்தான். எழுந்தான், ஏறினான், விழுந்தான். ஒருமுறை தவறாக விழுந்துவிட்டான். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முக்காலியில் ஏறினான். அப்போது அந்த மனிதர் என்னைக் கண்டுகொண்டார். "தம்பி, பள்ளிக்கூடம் இல்லையா இன்று?" என்று கேட்டார். "இன்று விடுமுறை" என்றேன். முக்காலியின்மேல் நின்ற சிறுவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

சிரிக்கவைக்கும் ஒரு கலைக்குப் பின்னால் இத்தனை கடுமையான கல்வி இருக்கிறதா? அதை முதலில் கற்பித்தவர் யார்? கற்றவர் யார்? அதற்குக் கொடுத்த விலை என்ன? இன்று உங்களுடன் இவற்றைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

இப்போது நாம் அறிந்துள்ள வடிவில் சர்க்கஸ் தோன்றியது இங்கிலாந்தில். பிலிப் ஆஸ்ட்லி என்பவர் குதிரைப்படையில் பணியாற்றித் திரும்பியவர். அவர் 1768ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், குதிரையேற்றப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். காலையில் பாடம், மாலையில் வேடிக்கை. ஓடும் குதிரையின் முதுகில் நின்றும், ஒற்றைக் காலில் நின்றும் அவர் வித்தை காட்டினார். குதிரையை நேர்கோட்டில் ஓட்டாமல் வட்டமாக ஓட்டியது அவர் கையாண்ட முறை. இதில் ஒரு பௌதிக நுட்பம் அடங்கியிருக்கிறது. குதிரை வட்டத்தில் விரையும்போது குதிரையும் அதன்மேல் நிற்பவரும் உட்புறமாகச் சாய்கின்றனர். வெளியே தள்ளுவதுபோலத் தோன்றும் விசை அந்தச் சாய்வுக்கு ஈடாகி நிற்பவரைக் குதிரையின் முதுகோடு பொருத்துகிறது. மைய விலக்கு விசை என்று உங்கள் பாடநூலில் படிக்கிறீர்களே, அதுவேதான். பல அளவுகளில் வட்டமிட்டுப் பார்த்து, 42 அடி விட்டம் பொருத்தமானது என்று கண்டனர். இன்றும் உலகின் பெரும்பாலான சர்க்கஸ் அரங்குகளுக்கு அதுவே அளவு.

குதிரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் மக்கள் சலிப்படைவர் என்பதை ஆஸ்ட்லி விரைவில் உணர்ந்தார். ஆகவே ஓட்டங்களுக்கு இடையே கயிற்றில் நடப்போரையும் கரணமடிப்போரையும் கோமாளியையும் கொண்டுவந்தார். குதிரையேறத் தெரியாத தையற்காரர் ஒருவர் பிரெண்ட்ஃபோர்டு என்னும் ஊருக்குத் தேர்தலில் வாக்களிக்கப் புறப்படுவதாக ஒரு வேடிக்கை. அவர் ஏறினால் குதிரை நகராது; நகர்ந்தாலோ நிற்காது; கடைசியில் குதிரை அவரைத் துரத்தும். சர்க்கஸ் வட்டத்தில் நிகழ்ந்த முதல் நகைச்சுவைக் காட்சிகளுள் ஒன்றாக இதைக் குறிப்பிடுவர். குதிரையிலிருந்து விழுவதாக நடிக்க வேண்டுமானால் குதிரையேற்றத்தில் தேர்ந்தவராக இருந்தாலன்றி இயலாது என்பதை இங்கே மனத்தில் கொள்ளுங்கள். கோமாளியின் கலைக்கு இதுவே முதல் இலக்கணம்.

ஆஸ்ட்லி தம் காட்சிக்குச் சர்க்கஸ் என்று பெயரிடவில்லை. அவருக்குப் போட்டியாக எழுந்த சார்லஸ் ஹியூஸ் என்பவர் 1782ஆம் ஆண்டில் தம் அரங்குக்கு 'ராயல் சர்க்கஸ்' என்று பெயர் சூட்டினார். வட்டம் என்னும் பொருளுடைய அந்தச் சொல் இந்தக் கலை முழுமைக்கும் பெயராகிவிட்டது.

பெயரும் கூடாரமும் மேனாட்டிலிருந்து வந்தவையே. ஆயினும் வித்தைகள் நமக்குப் புதியன அல்ல. குறுந்தொகையின் ஏழாம் பாட்டில், காற்று வீசும்போது வாகை மரத்தின் உலர்ந்த நெற்றுகள் ஒலிப்பதற்குக் கயிற்றின்மேல் ஆடும் கூத்தரின் பறையொலி உவமையாக வருகிறது. கேட்பவர்க்கு நன்கு பழக்கமான ஒலியாக இருந்தாலன்றிப் புலவர் அதை உவமையாக்கியிருப்பாரா? அந்தக் கூத்தரின் வழியிலேயே, நம் ஊர்த் தெருக்களில் மூங்கில் நட்டுக் கயிறு கட்டி ஆடிய கழைக்கூத்தாடிகளையும் நாம் வைத்து எண்ணலாம். கோமாளியும் அவ்வாறே. வடமொழி நாடகத்தில் விதூஷகன் இருந்தான். தெருக்கூத்தில் கட்டியக்காரன் இருக்கிறான். இசை நாடக மேடையில் பபூன் வந்தான். அரசனைக் கேலி செய்யும் உரிமை அந்த மூவருக்கும் உண்டு. தமக்குள் முன்பே இருந்த ஒன்றைச் சர்க்கஸ் கூடாரத்தில் கண்டதனாலேயே நம் மக்கள் அதை அயலாகக் கருதவில்லை.

மேனாட்டுக் கோமாளிகளுக்கெல்லாம் மூதாதையாகப் போற்றப்படுபவர் ஜோசப் கிரிமால்டி. அவர் சர்க்கஸ் வட்டத்துக்கு உரியவர் அல்லர். இலண்டன் நாடக மேடைக்கு உரியவர். எனினும் வெள்ளை பூசிய முகத்தில் சிவப்புத் திலகங்களைத் தீட்டிக்கொண்ட அவரது கோலமே பின்வந்த கோமாளிகளுக்கு வழிகாட்டியது. ஆங்கிலக் கோமாளிகள் இன்றும் தம்மை 'ஜோயி' என்று அழைத்துக்கொள்வது அவர் பெயரால்தான். 1778ஆம் ஆண்டில் பிறந்த அவர் மூன்று வயது நிரம்புமுன்னரே மேடை ஏற்றப்பட்டார். தந்தையார் கடுமையானவர், அவரே ஆசிரியர். விழுவதும் புரள்வதும் அடிபடுவதுமாக வளர்ந்த அந்த உடல் நாற்பது வயதைத் தாண்டியதும் நொறுங்கிப்போயிற்று. 1828ஆம் ஆண்டில் அவர் மேடையிலிருந்து விடைபெற்ற நாளில் நிற்கவும் இயலாமல் நாற்காலியில் அமர்ந்தபடியே பாடினார். 1837ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவரது நினைவுக் குறிப்புகளைச் செம்மைப்படுத்தி வெளியிட்டவர் அப்போது இளைஞராக இருந்த சார்லஸ் டிக்கென்ஸ் என்பதையும் மாணவர்கள் அறிந்துகொள்ளலாம். ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களின் முதல் ஞாயிறன்று இலண்டனில் கோமாளிகள் முழு வேடத்துடன் தேவாலயத்தில் கூடி அவரை நினைவுகூர்கின்றனர்.

காலப்போக்கில் சர்க்கஸ் கோமாளிகள் இரு வகையாகப் பிரிந்தனர். ஒருவர் வெண்முகக் கோமாளி: பளபளக்கும் உடை, கூம்புத் தொப்பி, அதிகாரம் செய்யும் தோரணை. மற்றவர் அசட்டுக் கோமாளி: பொருந்தாத சட்டை, பெரிய செருப்பு, சிவந்த மூக்கு. முன்னவர் கட்டளையிடுவார், பின்னவர் அதை நிறைவேற்றப் போய்க் காரியத்தைக் கெடுப்பார். முதல் உலகப் போருக்குப் பின் பாரிஸ் நகரில் புகழ்பெற்று விளங்கிய பிராட்டெல்லினி சகோதரர் மூவர் இந்த இரு பாத்திரங்களையும் தமக்குள் பகிர்ந்துகொண்டு நடித்தனர். அறிவுள்ளவன் என்று தன்னை நினைப்பவனும், அசடன் என்று பிறரால் நினைக்கப்படுபவனும் எதிரெதிரே நிற்கும்போது யார் அசடன் என்பது ஐயமாகிவிடுகிறது. சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1879ஆம் ஆண்டில் கியாரினி என்னும் இத்தாலியரின் சர்க்கஸ் பம்பாய்க்கு வந்தது. காட்சியைக் காணச் சென்றவர்களுள் குருந்த்வாடு என்னும் சிறு சமஸ்தானத்தின் அரசரும், அவரிடம் குதிரைகளைப் பழக்கும் பணியில் இருந்த விஷ்ணுபந்த் சத்ரே என்பவரும் இருந்தனர். இந்தியர்களுக்குச் சொந்தமாகச் சர்க்கஸ் நடத்தும் தகுதி இன்னும் வரவில்லை என்று கியாரினி இழிவாகப் பேசினார் என்றும், அந்தச் சொல்லைச் சத்ரே அறைகூவலாக ஏற்றார் என்றும் வரலாறு வழங்குகிறது. சத்ரே இசைமேல் பற்றுக் கொண்டு வடநாடு சென்றவர். குவாலியரில் புகழ்பெற்ற ஹத்து கானிடம் பயின்றவர். குதிரையேற்றமும் அவருக்குக் கைவந்த கலை. சில மாதங்களுக்குள் அவர் ஆட்களையும் குதிரைகளையும் பழக்கினார். 1880ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் பம்பாயில் 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' தன் முதல் காட்சியை நடத்தியது. இந்தியர் ஒருவரால், இந்தியரைக் கொண்டு நடத்தப்பெற்ற முதல் சர்க்கஸ் அது. பின்பு 1887ஆம் ஆண்டில் வங்காளத்தில் பிரியநாத் போஸ் என்பவர் ஒரு சர்க்கஸை நிறுவினார். சுசீலா சுந்தரி என்னும் மங்கை அதில் கையில் ஆயுதமின்றிப் புலிகளோடு நின்று காட்டினார். அடிமைப்பட்டிருந்த மக்களுக்கு இந்தக் காட்சிகள் பொழுதுபோக்கையும் கடந்த ஒரு பெருமிதத்தைக் கொடுத்தன.

சத்ரேயின் குழு தெற்கே பயணம் செய்து மலபாரின் கடற்கரை ஊராகிய தலச்சேரியை அடைந்தது. அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்னும் ஆசிரியர் இருந்தார். பாசல் மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி கற்பித்தவர். களரிப் பயிற்றிலும் வல்லவர். குதிரையும் விலங்கும் சத்ரேயிடம் இருந்தன. ஆனால் அந்தரத்தில் பாய்வதற்கும் கரணமடிப்பதற்கும் வேண்டிய பயின்ற உடல்கள் போதவில்லை. குஞ்ஞிக்கண்ணனிடம் உடலைப் பழக்கும் வித்தை இருந்தது; ஆனால் மாணாக்கர்களுக்குப் பிழைப்பு இல்லை. பீரங்கியும் துப்பாக்கியும் வந்த பிறகு வாளும் கேடயமும் பயின்றவனுக்கு யார் சோறு போடுவார்? இருவர் குறையும் ஒன்றையொன்று நிறைவு செய்தது. குஞ்ஞிக்கண்ணன் பயிற்சியளிப்பது, சத்ரே வேலை கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. 1888ஆம் ஆண்டில் பயிற்சி தொடங்கியது. 1901ஆம் ஆண்டில் தலச்சேரியை அடுத்த சிறக்கரையில் முழுமையான சர்க்கஸ் பள்ளி ஒன்றை அவர் நிறுவினார். இந்திய நாட்டின் சர்க்கஸ் கலைஞர்களுக்குத் தாய்வீடாக அந்தச் சிற்றூர் விளங்கியது.

மரபுவழிக் களரியின் அளவு 42 அடி நீளமும் 21 அடி அகலமும் என்று சொல்வது வழக்கம். ஆஸ்ட்லியின் வட்டத்துக்கும் 42 அடியே விட்டம் என்று முன்னர்க் கூறினேன். இது தற்செயலே, ஆயினும் நினைக்குந்தோறும் எனக்கு இன்பம் தருவது. மண்ணைத் தோண்டித் தாழ்த்திய களரியில் எண்ணெய் பூசி உடலை வளைத்துப் பழகிய இளைஞன், அதே அளவுள்ள மற்றொரு நிலத்தில் கால்வைத்து உலகையே சுற்றி வந்தான் அல்லவா?

இந்தப் பயிற்சி எவ்வாறு நடைபெறும்? முதற்பாடம் உடல் வளைதல். முதுகெலும்பையும் தோளையும் இடுப்பையும் இளக்குதல். இரண்டாவது பாடம் விழுதல். தலை தரையில் படாமல் முகவாயை மார்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அடியை ஓரிடத்தில் வாங்காமல் தோளிலிருந்து முதுகு வழியாக உருண்டு பரவச்செய்ய வேண்டும். விழ அறிந்தவனுக்கே எழும்பக் கற்பிப்பர். அதன்பின் கரணம். மாணாக்கனின் இடுப்பில் வார் ஒன்றைக் கட்டி, அதில் கோத்த கயிற்றை மேலே உருளையின் வழியாகச் செலுத்தி, மறுமுனையை ஆசிரியர் கையில் பிடித்திருப்பார். மாணாக்கன் காற்றில் சுழலும்போது கயிறு தளர்ந்திருக்க வேண்டும். தவறும்போது இறுக வேண்டும். எப்போது விடுவது, எப்போது பிடிப்பது என்பதை அறிந்த கையே ஆசிரியரின் கை. நாளடைவில் கயிறு கட்டப்பட்டிருந்தும் அது இழுபடாத நாள் வரும். அன்று வாரைக் கழற்றிவிடுவர்.

அந்தர ஊஞ்சலில் பாயும் வித்தையைப் பிரெஞ்சு நாட்டினரான லியோத்தார் என்பவர் 1859ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் பாரிஸ் நகரில் முதன்முதலாகக் காட்டினார். அவர் தம் தந்தையாரின் நீச்சற்குளத்தின்மேல் ஊஞ்சல் கட்டிப் பழகியவர். தவறினால் தண்ணீரில் விழலாம். பின்வந்தவர்களுக்கு வலை கிடைத்தது. வலை இருக்கும்போது அச்சம் ஏது என்று நீங்கள் எண்ணலாம். வலையில் முதுகு படும்படி விழ வேண்டும். கால் முன்னே பட்டால் மூட்டு முறியும். தவறாக விழுந்தவனை வலையே எகிறச்செய்து வெளியே எறிந்துவிடும். ஆகவே வலைக்கும் ஒரு பாடம் உண்டு.

கோமாளிக்கு வருவோம். நம் நாட்டில் ஜோக்கர் என்று வழங்கும் அவர் ஒவ்வொரு வித்தையும் முடிந்தவுடன் அரங்குக்கு வருகிறார். அவர் நம்மைச் சிரிக்கவைக்கும் அந்தச் சில நிமிடங்களில் பணியாட்கள் வலையைக் கட்டுவர், கம்பியை இறுக்குவர், கூண்டைப் பொருத்துவர். வேலை முடியவில்லையானால் சிரிப்பை நீட்டவேண்டும். முடிந்துவிட்டால் உடனே விலக வேண்டும். அந்தர ஊஞ்சலில் எல்லாரும் பாய்ந்து முடித்தபின் அவரும் ஏறுவார். கை நழுவுவார், கால்சட்டை கழலும், ஊஞ்சலைத் தவறவிட்டு அலறுவார், கடைசி நொடியில் ஒற்றைக் கையால் பற்றுவார். சரியாகப் பிடிப்பவனுக்கு ஒரு நொடி போதும். தவறுவதாகக் காட்டிப் பிடிப்பவனுக்கு அந்த நொடியைப் பாதியாகப் பகுக்கத் தெரிய வேண்டும். எல்லா வித்தைகளையும் ஒருவாறு கற்றவரே நல்ல கோமாளி ஆகிறார் என்று சர்க்கஸ் குடும்பங்களில் சொல்வது வெறும் புகழ்ச்சியன்று.

இங்கே மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டுச் சர்க்கஸ்களில் வளர்ச்சி குன்றிய உடலுடையவர்களே பெரும்பாலும் ஜோக்கர்களாக அமர்த்தப்பட்டனர். வேறெங்கும் வேலை கிடைக்காதவருக்குச் சர்க்கஸ் சோறும் உறவும் கொடுத்தது உண்மை. ஆனால் பார்ப்பவர்களுள் பலர் அவர்களது திறமையைக் கண்டு சிரித்தனரா, உருவத்தைக் கண்டு சிரித்தனரா? அந்த வேறுபாடு அரங்கில் நிற்பவருக்குத் தெரியும். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த 'அபூர்வ சகோதரர்கள்' திரைப்படத்தின் அப்பு என்னும் பாத்திரத்தைக் கண்டு கண்கலங்கியவர்கள் அதைச் சற்றே உணர்ந்திருப்பர்.

குஞ்ஞிக்கண்ணனின் மாணாக்கர்கள் நாடெங்கும் பரவினர். அவர்களுள் ஒருவரான பரியாலி கண்ணன் 1904ஆம் ஆண்டில் 'கிராண்ட் மலபார் சர்க்கஸ்' என்பதைத் தொடங்கினார். குருவாகிய குஞ்ஞிக்கண்ணன் 1939ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மாணவர் எம். கே. ராமன் பயிற்சியைத் தொடர்ந்தார். அவ்விருவரிடமும் பயின்ற எம். வி. சங்கரன், 1951ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் குஜராத்தின் பிலிமோரா என்னும் ஊரில் 'ஜெமினி சர்க்கஸை'த் தொடங்கி, அதன் பெயராலேயே ஜெமினி சங்கரன் என்று அழைக்கப்பட்டார். ஏறக்குறைய நூறாண்டு வாழ்ந்து 2023ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். தமிழ்நாட்டுக்கும் இந்த மரபில் பங்குண்டு. எஸ். எஸ். வாசன் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சந்திரலேகா' படத்துக்காகக் கமலா சர்க்கஸையும் பரசுராம் லயன் சர்க்கஸையும் பயன்படுத்திக்கொண்டார். கூடாரத்தையே கண்டிராத சிற்றூர் மக்களும் அந்தப் படத்தின் வழியாகச் சர்க்கஸைக் கண்டனர்.

நேயர்களே, இதுவரை ஒளியைப் பற்றிப் பேசினேன். நிழலைப் பற்றியும் பேசுவது கடமை. சர்க்கஸ் வித்தை இளமையில் கற்க வேண்டிய வித்தை. எலும்பு முற்றியபின் உடல் வளையாது. இந்த உண்மையின் மறைவில் பெரும் அநீதி ஒன்று வளர்ந்தது. வறுமையில் வாடிய பெற்றோரிடம் சிறு தொகையைக் கொடுத்துக் குழந்தைகளைப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் அழைத்துச் சென்றனர். நேபாளத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுமியர் பலர். அவர்களுக்குப் பள்ளி இல்லை, வீடு திரும்பும் வழி இல்லை. சிலருக்கு அடியும் அவமானமும் இருந்தன. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் தீர்ப்பளித்தது. சர்க்கஸில் குழந்தைகளைப் பணிக்கு அமர்த்துவதைத் தடைசெய்து மத்திய அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும், ஏற்கெனவே உள்ள குழந்தைகளை மீட்டு மறுவாழ்வு அளிக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது. குழந்தையின் கல்வி உரிமையை அந்தத் தீர்ப்பு அடிப்படையாகக் கொண்டது.

அதற்கு முன்பே விலங்குகளும் கூடாரத்தை விட்டு வெளியேறத் தொடங்கியிருந்தன. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிக்கு விடலாகாது என்று 1998ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிவித்தது. 2001ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. இரண்டும் நியாயமான முடிவுகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. சர்க்கஸ் நடத்துவோர் சிலர், இனி இந்தக் கலை வாழாது என்று வருந்தினர். பிறர் துன்பத்தின்மேல்தான் ஒரு கலை நிற்க முடியும் என்றால் அது விழுந்துபோவதே நலம். ஆனால் அது உண்மையா? துன்பமின்றிக் கற்பிக்க வழியே இல்லையா?

வழி உண்டு என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. 1927ஆம் ஆண்டிலேயே மாஸ்கோ நகரில் அரசு சர்க்கஸ் பள்ளியை நிறுவியது. கழைக்கூத்தும் கரணமும் கோமாளிக் கலையும் பொதுக் கல்வியோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. அந்தப் பள்ளியில் தளர்கம்பி நடை பயின்று வெளிவந்தவர்தாம் உலகப் புகழ்பெற்ற கோமாளி ஓலெக் பொப்போவ். இருண்ட அரங்கில் தம்மீது விழும் விளக்கொளியை அவர் தரையில் கண்டெடுப்பார், அதில் குளிர்காய்வார், அது விலகி ஓடினால் துரத்திப் பிடிப்பார், முடிவில் அதை வாரிப் பையில் இட்டுக்கொண்டு போய்விடுவார். அடியும் உதையும் இல்லாத நகைச்சுவை அது. 2016ஆம் ஆண்டில், எண்பத்தாறாம் வயதில், பயணத்தின் நடுவே அவர் மறைந்தார். அமெரிக்காவில் புகழ்பெற்ற ரிங்லிங் சர்க்கஸின் கோமாளிகள் முதுமையடைந்து, இளைஞர் வாராமற்போனபோது, அதன் உரிமையாளர் 1968ஆம் ஆண்டில் கோமாளிகளுக்கென்றே ஒரு கல்லூரியை ஃபுளோரிடாவில் திறந்தார். வயது வந்த இளைஞர்களும் பெண்களும் விண்ணப்பித்துச் சேர்ந்து பயின்றனர். 1997ஆம் ஆண்டுவரை அது நடைபெற்றது. கனடாவிலும் பிரான்சிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன.

தொட்டிலாகிய தலச்சேரியிலும் ஒரு முயற்சி நடந்தது. 2010ஆம் ஆண்டில் கேரள அரசு அங்கே சர்க்கஸ் பயிற்சிக் கழகம் ஒன்றைத் திறந்தது. சிறுவர் சிறுமியர் பள்ளிப் படிப்போடு வித்தையும் கற்க வேண்டும் என்பது நோக்கம். மாணாக்கர் மிகச் சிலரே சேர்ந்தனர். அந்த முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. இதில் வியப்பில்லை. தம் மக்கள் கூடாரத்துக்குத் திரும்ப வேண்டா என்று, கூடாரத்தில் வாழ்ந்து களைத்த பெற்றோரே எண்ணினர். வித்தை கற்ற இளைஞனுக்கு ஊதியமும் காப்பீடும் முதுமையில் ஓய்வூதியமும் மதிப்பும் கிடைக்கும் என்று சமுதாயம் உறுதி கூறாதவரையில், பள்ளியை மட்டும் திறந்து பயனில்லை. சத்ரேயும் குஞ்ஞிக்கண்ணனும் செய்துகொண்ட ஏற்பாட்டின் உயிர்நிலையே அதுதானே? ஒருவர் கற்பிக்க, மற்றவர் வாழ்வளிக்க ஒப்புக்கொண்டனர். பின்வந்தவர்கள் முதற்பாதியைப் பிடித்துக்கொண்டு பிற்பாதியை மறந்துவிட்டனர்.

மாணவ நண்பர்களே! முக்காலியின்மேல் நின்ற அந்தச் சிறுவனின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்று அவருக்கும் என் வயதே இருக்கும். அவர் சிறந்த கோமாளியாகிப் பல்லாயிரம் குழந்தைகளைச் சிரிக்கவைத்திருக்கலாம். முதுகு முறிந்து எங்கோ ஒரு மூலையில் கிடக்கவும் கூடும். அவருக்குக் கிடைத்த ஆசிரியர் வல்லவர் என்பதை நான் என் கண்ணாலேயே கண்டேன். அவருக்குக் கிடைக்காதது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல ஆசிரியரும் ஞாயிற்றுக்கிழமையும் ஒருங்கே கிடைக்கும் வகையில் இந்தக் கல்வியை அமைத்துக் கொடுப்பது உங்கள் தலைமுறையால் இயலாத செயலன்று.

உங்கள் ஊருக்குச் சர்க்கஸ் வந்தால் போய்ப் பாருங்கள். ஜோக்கர் விழும்போது தாராளமாகச் சிரியுங்கள். அதற்காகவே அவர் விழுகிறார். ஆனால் அவர் எப்படி விழுகிறார் என்பதையும் கவனியுங்கள். முகவாய் மார்போடு சேர்ந்திருக்கும். தோள் முதலில் தரையைத் தொடும். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் எழுந்து நின்றிருப்பார். அதைக் கண்டுகொண்டு நீங்கள் கைதட்டினால், அந்தக் கைதட்டலின் பொருள் அவருக்கு விளங்கும்.